பதினேழாவது கையெழுத்து

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன். 2002-ஆம் வருஷக் கடைசியில். அப்போது அது கதையாக இல்லை, மனுவாக இருந்தது. முழுத்தாளில் முக்கால் பக்கம். நான் எழுதியவற்றில் பலித்தது அது ஒன்றுதான். என் சிறுகதைகள் இரண்டு பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. படித்துவிட்டு யாரும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்ததாகத் தகவல் இல்லை. அந்த மனுவோ பதினொரு குடும்பங்களை ஒரு வீட்டிலிருந்து எழுப்பி வெளியே அனுப்பியது.

இப்போது 2007. ஒரு சிறுபத்திரிகை ஆசிரியர் கடிதம் போட்டிருக்கிறார். "மாறிவரும் சமூகத்தில் கிறிஸ்தவர்கள் மதப் பாகுபாட்டுக்கு ஆளாகிறார்களா? மூன்று பக்கக் கட்டுரை தேவை. மழுப்பாமல் எழுதவும்." உட்கார்ந்தேன். 'ஆம்' என்று எழுதி அடித்தேன். 'இல்லை' என்று எழுதி அதையும் அடித்தேன். 'ஆம், ஆனால்' என்று எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். அதனால் பழைய ஃபைலைத் திறந்து பார்த்தேன். மனுவின் நகல் இருந்தது. மூலையில் குண்டூசி துருப்பிடித்துப் பழுப்புக் கோடு இழுத்திருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததும் இது கட்டுரைக்கு அடங்காது என்று தெரிந்துவிட்டது.

மேஜையில் இன்னொரு தாளும் இருக்கிறது. அது இந்த வாரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் நான் அதில் கையெழுத்துப் போடவேண்டும். அல்லது போடமாட்டேன் என்று ஆபிரகாமின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். இன்று வெள்ளி. இந்தக் கதைக்கு இருக்கும் அவகாசமும் அவ்வளவுதான்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

'சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையின் சிதைந்த மதில்மேல் மாலை வெயில் படிந்திருந்தபோது, தொலைவில் அலைகள்—'

இல்லை. சுற்றுலாத் துறை பிரசுரம் மாதிரி இருக்கிறது. கோட்டைக்குப் பின்னால்தான் எங்கள் தெரு என்றாலும், பதினேழு வருஷத்தில் நான் அந்த மதிலை நிமிர்ந்து பார்த்தது உறவுக்காரர்கள் வந்தபோது மட்டும்தான்.

இரண்டாம் முயற்சி:

'ஆபிரகாம் பரம சாது. ஓர் எறும்புக்குக்கூட—'

இந்த இடத்தில் என் மனைவி ரோகிணி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"சாதுவா? கரண்ட் கம்பம் மாத்த வந்தவங்களோட நடுத் தெருவுல நின்னு கத்தினாரே, அவரா?"

"கதைக்காக எழுதுறேன்."

"அவர் நல்லவரா இருந்தாத்தான் நீங்க பண்ணது தப்புன்னு ஆகுமா? மோசமான ஆளா இருந்தா சரின்னு ஆயிடுமா?"

காப்பி ஆறிவிட்டது. 'சாது' அடிக்கப்பட்டது.

3

ஆபிரகாமுக்கு வயரிங் வேலை. கூடவே மைக் செட். ஆடி மாதம் எங்கள் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது பன்னிரண்டு வருஷம் அவர்தான் குழாய் ஸ்பீக்கர் கட்டினார். வேப்பமரத்தில் ஏறி இரண்டு குழாயையும் இரண்டு திசைக்குத் திருப்பிவைத்து, இறங்கிவந்து "அலோ, மைக் டெஸ்ட்டிங்" என்று அவர் சொன்னால்தான் எங்களுக்கு ஆடி பிறந்த மாதிரி. கிறிஸ்துமஸுக்கு வீடுவீடாகக் கேக் கொடுப்பார். வருஷத்துக்கு ஒருமுறை செங்கல்பட்டுக்குப் போய் சர்ச்சில் தலையைக் காட்டுவார். எங்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அவ்வளவுதான் அவருடைய கிறிஸ்தவம். தெருவுக்கே அது ரொம்பப் பிடித்திருந்தது.

(இங்கே ஒரு சந்தேகம். எங்களுக்குப் பிடித்திருந்தது ஆபிரகாமா, அல்லது அவருடைய மதம் எங்கள் வழியில் குறுக்கே வராததா? 'நம்ம ஆபிரகாம் வித்தியாசமே பார்க்க மாட்டாருப்பா' என்று பாராட்டுவோம். வித்தியாசம் பார்க்காமல் இருக்கவேண்டிய பொறுப்பு முழுவதையும் அவர் தலையில் கட்டியிருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் நல்ல கதையாசிரியனாகியிருப்பேன்.)

1999-இல் அவர் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானம் எடுத்தார். எதற்கு என்று கேட்டேன்.

"இத்தினி நாளு பேருக்குத்தான் சார் கிறிஸ்தவன். இப்பதான் நெஜமாலுமே ஆயிகீறேன்."

அந்த ஆடிக்குக் குழாய் கட்ட அவர் வரவில்லை. கோயில் தர்மகர்த்தா ராஜாராம் (சொந்தமாக இரண்டு லாரி ஓட்டுபவர், எங்கள் தெருவில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது) நேரில் போய்க் கேட்டார்.

"இன்னா ஆபிரகாமு, அம்மா மேல கோவமா?"

"கோவம்லாம் இல்ல அண்ணாத்த. சாமி முன்னால இனிமே கட்ட மாட்டேன். அந்தத் தொழிலையே வுட்டுட்டேன். ரெண்டு குழாயையும் நீயே எடுத்துக்கோ. டப்பு ஒண்ணும் வாணாம்."

(ஒரு கதாபாத்திரமாக இங்கே ஆபிரகாமை என்னால் நம்ப முடியவில்லை. சாமி முன்னால் கட்டமாட்டேன் என்பவர், அதே சாமிக்கு அந்தக் குழாயை எப்படிக் கொடுப்பார்? நானே படைத்த ஆளாக இருந்தால் திருத்தியிருப்பேன். ஆனால் கொடுத்தார். குழாய்கள் அன்றிலிருந்து கோயில் அறையில் இருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அந்தத் தையில் ரோகிணி அனுப்பிய சர்க்கரைப் பொங்கல் மூடின பாத்திரத்தில் மூடினபடியே திரும்பிவந்தது. "படைச்சதச் சாப்பிட மாட்டோம்க்கா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லியனுப்பியிருந்தார். ரோகிணி தப்பாகத்தான் நினைத்தாள். பாத்திரத்தைத் திறக்காமலே இரண்டு நாள் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் நாய்க்குப் போட்டாள்.

இது பாகுபாடா? யார் யாரிடம் காட்டியது? ஆசிரியர் மூன்று பக்கம் என்றார். எனக்கு இந்தப் பாத்திரத்துக்கே மூன்று பக்கம் வேண்டும்.

4

ஆபிரகாம் வீட்டு முன்னறையில் ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஜெபம் நடந்தது. முதலில் மூன்று குடும்பம். 2002-இல் பதினொன்று. மைக் இல்லை. கைதட்டல் உண்டு, பாட்டு உண்டு, சிலநாள் அழுகையும் உண்டு. மூன்றாவது வீடான எங்கள் வீட்டில் பேப்பர் படிக்கும்போது கேட்கும். பேப்பரை மடக்கிவைக்கும் அளவுக்குக் கேட்காது.

அங்கே போக ஆரம்பித்தவர்களில் ஒருத்தி ராஜாராமின் தங்கை வேண்டா. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால், இதோடு போதும் என்று சாமிக்குத் தெரியப்படுத்த வைத்த பெயர் அது. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அந்தப் பெயரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கட்டிக்கொண்டவன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து அண்ணன் வீட்டில் இருந்தாள். ஞானஸ்நானம் எடுத்து எஸ்தர் என்று பெயர் வைத்துக்கொண்டாள். அந்தச் சபை வழக்கப்படி நகையையும் கழற்றிவிட்டாள்.

ராஜாராம் என் வீட்டுக்கு வந்த காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சட்டைப் பையிலிருந்து ஒரு மூக்குத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அம்மா போட்டுவுட்டது சார். கயட்டி என் கையில குட்த்துட்டு 'நீயே வெச்சிக்கோண்ணே'ன்றா. மூளி மூக்கோட எதுர்ல நிக்கிறா. நான் இன்னா செத்தா பூட்டேன்?"

அழுதார். நடிப்பில்லை. அந்தக் கண்ணீரைக் கதையில் குறைத்துக் காட்டினால் எனக்கு வசதியாக இருக்கும். குறைக்கமாட்டேன்.

"எய்துங்க சார். ஏமாத்தி மதம் மாத்துறான்னு எய்துங்க. இப்பதான் சட்டம் வந்துகீதே."

வந்திருந்தது. அந்த அக்டோபரில்தான் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. (இரண்டு வருஷத்தில் போயும்விட்டது. மனு மட்டும் இருந்துவிட்டது.)

இனி வரும் வாக்கியத்தை நாலுமுறை எழுதி நாலுமுறை கிழித்தேன். ஐந்தாம் முறை எழுதுகிறேன். நான் அப்போது ராஜாராமிடம் சொன்னது இது:

"மதத்தைத் தொடாதீங்க. வீண் வம்பு. சத்தம்னு போடுவோம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க, வயசானவங்க, தொந்தரவு. சத்தத்துக்கு மதம் கிடையாது."

எனக்கு என்மேலேயே பெருமையாக இருந்தது. பெரிய வம்பைச் சின்ன வம்பாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். ராஜாராம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

5

தெரு மனுக்களை எல்லாம் எழுதுவது நான்தான். விளக்கு எரியாதது, சாக்கடை அடைத்தது, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தராதது எல்லாம் என் எழுத்தில்தான் போகும். எழுதுவேனே தவிர எதிலும் பெயர் போட்டதில்லை. மத்திய அரசு ஊழியன், மேலிடத்தில் கேள்வி வரும் என்பேன். எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள்.

மனுவிலிருந்து:

'...மேற்படி வீட்டில் காலை ஐந்து மணி முதலே இரண்டு கூம்பு வடிவ ஒலிபெருக்கிகள் மூலம் செவிப்பறை கிழியும்படி ஒலி எழுப்பப்படுவதால், பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மாணவ மாணவியரும், இருதய நோயாளிகளும்...'

எங்கள் தெருவில் அப்போது இருதய நோயாளி யாரும் கிடையாது. ஐந்து மணியும் கிடையாது. ஒலிபெருக்கிகளோ கோயில் அறையில் தூசி படிந்து கிடந்தன. வெறும் சத்தம் என்று எழுதினால் அதிகாரி கண்முன் காட்சி வராது. குழாயை வைத்ததும் வந்துவிட்டது. கதை எழுதுகிறவனுக்கு இருக்கும் கெட்ட பழக்கம் இது. பத்திரிகைக்காரர்கள் திருப்பியனுப்பிய என் கதைகளில் இல்லாத உயிர் அந்த ஒரு வரியில் இருந்தது. மனுவில் 'மதம்' என்ற சொல் ஒரு இடத்தில்கூட வராது. வேண்டுமானால் நகலைக் காட்டுகிறேன், தேடிப் பாருங்கள்.

அடுத்தது கையெழுத்து. ராஜாராமுக்கு அவசரம். ஒவ்வொரு வீடாக ஏறி விஷயத்தைச் சொன்னால் அதற்குள் ஆபிரகாம் காதுக்குப் போய்விடும். அவர் லாரியின் டேஷ்போர்டில் பழைய கையெழுத்துத் தாள்கள் இரண்டு இருந்தன. அந்தக் கோடையில் குடிதண்ணீர்க் குழாய் கேட்டுத் தெருவே போட்டுக்கொடுத்தது. மனு கொடுப்பதற்குள் குழாய் வந்துவிட்டதால் அப்படியே கிடந்தன. நாற்பத்தோரு பெயர், வரிசை எண்ணோடு. எதற்காகப் போட்டது என்று அந்தத் தாள்களில் ஒரு வார்த்தை இல்லை.

"இவுங்கல்லாம் நம்ம ஜனந்தானே சார். கேட்டா போடத்தான் போறாங்க" என்றார்.

புது மனுவை மேலே வைத்து, பழைய தாள்களைக் கீழே வைத்துக் குண்டூசி குத்தினேன். பெயர்களைப் படிக்கவில்லை. ஸ்டோர்ஸில் ஒரு ஆணிப் பெட்டியை எண்ணாமல் வாங்கியதில்லை நான்.

தண்ணீர் எல்லாருக்கும் வேண்டும். அதனால் அந்தக் கோடையில் எல்லாரும் போட்டிருந்தார்கள்.

6

விசாரணை எந்த ஆபீசில் நடந்தது என்று சொல்லமாட்டேன். அதிகாரி பெயரும் வேண்டாம். அவர் தவறு ஒன்றும் செய்யவில்லை. முன்னால் வைத்த தாளைப் படித்தார், அவ்வளவுதான். ராஜாராம் துணைக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தார். அரைநாள் லீவு போட்டிருந்தேன். ஆபிரகாம் தனியாக வந்திருந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்.

"நீ மைக் செட் வெச்சிருந்தியா?" என்று அதிகாரி கேட்டார்.

"வெச்சிருந்தேன் சார்."

அதிகாரி குறித்துக்கொண்டார். இப்போது எங்கே என்று கேட்கவில்லை. பிறகு தாளைப் புரட்டி விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் நின்றார்.

"வரிசை எண் பதினேழு. ஏ. ஆபிரகாம், வயரிங். இது யாரு?"

ராஜாராம் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"நாந்தான் சார்."

"உன்மேல புகார். அதுல நீயே கையெழுத்துப் போட்டிருக்க?" தாளை அவர் பக்கம் திருப்பினார். "இது உன் கையெழுத்துதானா? நல்லாப் பாத்துச் சொல்லு."

ஆபிரகாம் குனிந்து பார்த்தார். இந்த இடத்தில் கதையை நிறுத்திக்கொண்டு நான் என் பயத்தைச் சொல்லியாக வேண்டும். அவர் 'இல்லை' என்றால் மோசடி. 'போட்டது வேற மனுவுக்கு' என்றாலும் மோசடி. மேல் பக்கத்தைத் திருப்பினால் என் எழுத்து. அவர் வீட்டுக் கரண்ட் கனெக்ஷனுக்கு மனு எழுதியது இதே எழுத்துதான், அவருக்குத் தெரியாமலிருக்காது. என் வேலை, பென்ஷன், டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் என்று எல்லாம் என் கண்முன் வந்து நின்றது.

அவர் முதல் பக்கத்தைத் திருப்பினார். படித்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவசரமில்லாமல், ரொம்ப நேரம்.

பிறகு சொன்னார். "என் கையெழுத்துதான் சார்."

அதிகாரி சிரித்துவிட்டார். "அப்புறம் விசாரிக்க என்னய்யா இருக்கு? தெருவே கேக்குது, நீயும் கேக்குற. நிறுத்திக்கோ." கூட நின்ற பியூனும் சிரித்தார். ராஜாராம் சிரித்தார். நானும் சிரித்தேனா என்று ரோகிணி அன்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். சிரித்தேன்.

7

இந்தப் பகுதி கட்டுரையாக இருக்கவேண்டியது. 'இவ்வாறாக, பாகுபாடு என்பது—' என்று ஆரம்பித்தேன். ரோகிணி படித்துவிட்டு, "இவ்வாறாகன்னு நீங்க ஆரம்பிச்சாலே பொய் வரப்போகுதுன்னு அர்த்தம்" என்றாள். அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

ஜெபம் நின்றது. பதினொரு குடும்பத்தில் ஏழு, ஞாயிறுதோறும் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிப் போக ஆரம்பித்தது. போகவர அரை நாள். மற்ற நாலு குடும்பம் மெல்ல நின்றுவிட்டது. எங்கள் தெருவில் யாரும் ஆபிரகாமை அடிக்கவில்லை, திட்டவில்லை. வயரிங்குக்குக் கூப்பிட்டார்கள், கூலி கொடுத்தார்கள். 'இங்கல்லாம் அந்தப் பிரச்சினையே கெடையாதுங்க' என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டோம். உண்மையாகவே நம்பிச் சொன்னோம்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு ஞாயிறு வேண்டாவைப் பார்த்தேன். எஸ்தரை. மழை வரும்போல் இருந்தது. எனக்கு அறிந்துகொள்ளும் ஆவல் அடங்கவில்லை.

"உன்ன யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?"

யோசித்தாள். "வேண்டான்னு பேர் வெச்சாங்களே சார், அத என்னக் கேட்டுகினா வெச்சாங்க? இதான் கேட்டுகினு வெச்ச மொத பேரு." பஸ் வந்துவிட்டது. ஏறப்போனவள் திரும்பி, "எங்கண்ணன் நல்லவருதான் சார். சத்தம்தான் அவுருக்கு ஆவல போல" என்றாள். கேலியா, நிஜமாகவே நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மனுவில் என் எழுத்து என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா என்பதும் தெரியாது.

(இந்தக் கடற்கரையில் நடக்கும் எந்தக் கதையும் 2004 டிசம்பருக்கு வந்தால் அலை வந்து எல்லாரையும் ஒன்றாக்கிவிடும். கட்டித் தழுவுவார்கள், ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். நாங்களும் சாப்பிட்டோம். ஆபிரகாம் மூன்று நாள் ஜெனரேட்டர் ஓட்டினார், ராஜாராமின் லாரிகள் தண்ணீர் சுமந்தன. நாலாவது வாரம் அவரவர் வீட்டுக்குப் போனோம். ஞாயிறு பஸ் வழக்கம்போல வந்தது. அலையை வைத்துக் கதையை முடிக்கமாட்டேன். அது செத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை.)

8

இனி இந்த வாரம். போன ஜூனில் நான் ரிட்டயர் ஆகிவிட்டேன் என்பதை இதற்கு முன்பே சொல்லியிருக்கவேண்டும். வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆபிரகாம் வந்தார். வராந்தாவிலேயே நின்றார். ரோகிணி நாற்காலி போட்டாள்.

"ஒரு மனு எய்தணும் சார்."

"என்ன மனு?"

"வூட்டுல திரும்ப ஜெபம் வெக்கலாம்னு கீறோம். தெருவுக்கு ஆட்சேபணை இல்லன்னு எய்தி, கையெழுத்து வாங்கிக் குட்த்தா நல்லதுன்றாங்க. தங்கச்சி எஸ்தருக்கு இடுப்பு நோவு. பஸ்ல குந்திகினு போவ முடியல."

எழுதினேன். ஒரு கூம்புகூட இல்லாமல், ஒரு நோயாளிகூட இல்லாமல், ஆறு வரி. படித்துக் காட்டினேன். தலையாட்டினார்.

"சார், ஒண்ணு. ஒவ்வொரு தாளுலயும் மேல இந்த விஷயத்த எய்திருங்க. அதுக்குக் கீய கையெழுத்து. தாள் மட்டும் தனியாப் பூடக் கூடாது."

எனக்கு முகம் சுட்டது. இனிமேலும் கேட்காமலிருக்க முடியவில்லை. "அன்னிக்கு ஏன் ஆபிரகாம் அப்படிச் சொன்னீங்க? என் கையெழுத்துதான்னு."

ஐந்து வருஷமாக இந்தக் கேள்விக்கு நான் பதில்கள் தயாரித்துவைத்திருந்தேன். என்னைக் காப்பாற்றச் சொன்னார் என்று ஒன்று. மன்னித்துவிட்டார் என்று ஒன்று. பிற்பாடு பயன்படட்டும் என்று என்னைக் கடன்காரனாக்கினார் என்று ஒன்று, அது அவர்மேல் எரிச்சல் வந்த நாட்களில். மூன்றையும் இந்தக் கதைக்காக எழுதியும் பார்த்தேன். மூன்றும் நன்றாகவே வந்திருந்தன.

ஆபிரகாம் கேள்வியே புரியாதவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"என் கையெழுத்துதானே சார் அது? இல்லன்னு எப்டிச் சொல்றது? பொய் சொல்லக் கூடாதே."

"ஆனா நீங்க போட்டது தண்ணிக்கு."

"ஆமா. அவுரு எதுக்குப் போட்டன்னு கேக்கலியே. நான் சொன்னா என்னியக் காப்பாத்திக்கச் சொல்ற மாறி இருக்கும். உங்களுக்குத் தெரியும்ல எதுக்குன்னு. அதான் உங்களப் பாத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துகினே இருந்தேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். எந்த ஒயர் எங்கே போகிறது என்று காட்டுகிற குரலில் சொன்னார்.

புறப்படும்போது தாளை மேஜையிலேயே விட்டார். "மொத கையெழுத்து உங்குளுதா இருந்தா நல்லாருக்கும் சார். நீங்க போட்டா மத்தவங்க போடுவாங்க. போட முடியலன்னாலும் சொல்லிடுங்க. ஞாயித்துக்கெயம பஸ்ஸு வுட்டு எறங்கி வந்து வாங்கிக்கிறேன்."

9

முடிவுகள்:

(அ) நான் கையெழுத்துப் போடுகிறேன். ராஜாராம் அதைப் பார்த்து மனம் மாறி இரண்டாவதாகப் போடுகிறார். மூக்குத்தி, தங்கை, கண்ணீர். எழுதிப் பார்த்தேன். என்னைத் தவிர யாருக்கும் இதில் நன்மை இல்லை.

(ஆ) நான் போடுகிறேன். ராஜாராம் பேச்சை நிறுத்துகிறார். தெரு அவர் பக்கம் நிற்கிறது. இந்த வயதில் கோடையில் குழாய் வற்றினால் என் வீட்டுக்கு அவருடைய தண்ணீர் லாரி வராது, மகள் கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். நடக்கக்கூடியது இதுதான்.

(இ) நான் போடவில்லை. காரணம்? ரிட்டயர் ஆனதோடு அந்தக் காரணமும் ரிட்டயர் ஆகிவிட்டது. புதுக் காரணம் எழுத என்னால் முடியும். இந்த விஷயத்தில் எனக்குத் திறமை உண்டு.

(ஈ) பத்திரிகை ஆசிரியருக்கு இதை அனுப்பிவிடுகிறேன். அச்சாகிறது. பத்துப் பேர் கடிதம் போடுகிறார்கள், 'நேர்மையான பதிவு' என்று. கையெழுத்துப் போட்ட மாதிரியே எனக்கு இருக்கும்.

இந்த நாலாவதைக் கண்டுதான் எனக்கு உண்மையில் பயம். எட்டுப் பகுதி எழுதிய பிறகுதான் தெரிகிறது, கதை எழுதுகிறேன் பேர்வழி என்று மூன்று நாளாக நான் செய்துகொண்டிருப்பது அதைத்தான்.

இன்று ஞாயிறு. சற்றுமுன் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். மேலே ஆறு வரி விஷயம். கீழே, 2 என்ற எண்ணுக்கு நேராக ஒரு பெயர் இருக்கிறது. ரோகிணி. முத்துமுத்தாகப் போட்டிருக்கிறாள்.

சமையலறை வாசலில் போய் நின்றேன். "நீ எப்ப போட்ட?"

"செவ்வாய்க்கெழமையே."

"பொங்கலத் திருப்பி அனுப்பின ஆளு."

"ஆமா. இப்பவும் எனக்குக் கோவந்தான். கோவத்தோடவே போட்டேன்." அடுப்பை அணைத்தாள். "ஒண்ணாம் நம்பர் உங்களுக்கு விட்டுவெச்சிருக்கேன். பதினேழு வரைக்கும் போகாம பாத்துக்கோங்க."

திரும்பி வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தெருமுனையில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. இப்போது எங்கள் கேட்டின் தாழ்ப்பாள். "வாங்க" என்கிறாள் ரோகிணி. வெள்ளைச் சட்டை ஜன்னலைக் கடக்கிறது. பின்னால் மெதுவாக, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எஸ்தரும் வருகிறாள்.

இந்த வீட்டில் எழுதுகிற பேனா ஒன்றுதான் இருக்கிறது. அது இப்போது இந்த வாக்கியத்தில் இருக்கிறது. அந்தத் தாளுக்குப் போகவேண்டுமானால் இதை நிறுத்தவேண்டும். இதற்கு இன்னொரு நல்ல வரி எனக்குத் தோன்றுகிறது. அதை எழுதினால் அதற்கடுத்த வரியும் தோன்றும். ஆபிரகாம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்பார், அன்று காத்திருந்த மாதிரியே.

எனவே, நண்பரே, நீங்கள் இதற்குக் கீழே எதையும் காணாவிட்டால்